ஓ.ஓ.எஸ் வந்த மதியம்

மாத்திரையில் மருந்து எவ்வளவு இருக்கிறது என்று அளக்கும் எச்.பி.எல்.சி கருவியின் திரையில் 93.8 சதவீதம். அந்தப் பிரஷர் மாத்திரைக்கு வரம்பு 95 முதல் 105 வரை.

"அண்ணா, இன்னொரு தடவை ஓட்டிப் பார்த்துடலாமா?" புதிதாகச் சேர்ந்த தம்பி கேட்டான்.

வேண்டாம்பா என்றேன். முதலில் ஓ.ஓ.எஸ், அதாவது வரம்புக்கு வெளியே போன முடிவு என்று பதிவு செய். கரைசலைக் கொட்டிவிடாதே. எடைச் சீட்டு, பிப்பெட், ஒப்பிட்டுப் பார்க்கும் ஸ்டாண்டர்டு, கணக்கு எல்லாவற்றையும் பார்ப்போம். காரணம் தெரியாமல் ஒரு எண்ணைத் தூக்கிப் போட நமக்கு உரிமை இல்லை.

1993-ல் அமெரிக்காவில் பார் லேபரட்டரீஸ் என்ற மருந்து நிறுவனத்தின் வழக்கு. ஃபெயில் ஆன முடிவை விசாரிக்காமல், பாஸ் ஆகும்வரை திரும்பத் திரும்பச் சோதிப்பதை நீதிமன்றம் ஏற்கவில்லை. இன்றைய ஓ.ஓ.எஸ் விசாரணை முறை அந்தத் தீர்ப்பை ஒட்டி வளர்ந்ததுதான்.

மருந்து குறைந்த பிரஷர் மாத்திரையை விழுங்குகிறவரால் அதைச் சோதித்துப் பார்க்க முடியாது.

பேட்ச் தாமதமாகும், உற்பத்திப் பிரிவிலிருந்து போன் வரும். சரி, வரட்டும். நானே பேசிக்கொள்கிறேன்.