செய்தி எப்படிப் போய்ச் சேர்ந்தது? சென்னை மண்ணடி, ரமலான் ஹிஜ்ரி 1446

மார்ச் 4, 2025. பிறை 3

அங்கப்ப நாயக்கன் தெருவில் மாலை அஸர் தொழுகைக்குப் பிறகு கஞ்சி ஊற்றும்போது தூக்குச்சட்டியோடு நிற்கும் பிள்ளைகளிடம் யாரும் மதம் கேட்பதில்லை. தராவீஹ் என்னும் இரவுத் தொழுகை முடிந்து வரும் கேள்விச் சீட்டில்தான் அது எட்டிப் பார்க்கிறது. "பக்கத்து வீட்டு அக்கா தங்கமானவங்க. ஈமான் (இஸ்லாமிய நம்பிக்கை) இல்லாம இறந்துட்டா நரகம்தானா ஹஜ்ரத்?" மார்க்க அறிஞரான ஹஜ்ரத்திடம் வருஷா வருஷம் வரும் கேள்வி இது. ஒரே வார்த்தையில் ஆமாம் என்றாலும் தப்பு, இல்லை என்றாலும் தப்பு. இந்த மாதம் முழுக்க இதையே கொஞ்சம் கொஞ்சமாக எழுதி வைப்போம்.

அதற்கு முன் ஒரு சின்னத் திருத்தம். "முதல் பத்து ரஹ்மத் (இறையருள்), நடுப்பத்து மன்னிப்பு, கடைசிப் பத்து நரக விடுதலை" என்று சுவரொட்டியே அடிக்கிறோம். நபித்தோழர் ஸல்மான் (ரலி) வழியாக வரும் அந்த அறிவிப்பைத் தன் நபிமொழித் தொகுப்பில் சேர்த்த இப்னு குஸைமாவே, "இந்தச் செய்தி சரியாக இருந்தால்" என்று தலைப்பிலேயே ஒரு முடிச்சுப் போட்டுவிட்டார். ரஹ்மத்துக்குப் பத்து நாள் தவணை எல்லாம் கிடையாது.

மார்ச் 6. பிறை 5

பயான்களில் (மார்க்கச் சொற்பொழிவுகளில்) பழகிப்போன விளக்கம்: அல்லாஹ்வின் பெயர்களில் ரஹ்மான் என்றால் இம்மையில் எல்லாருக்கும் அருள்பவன், ரஹீம் என்றால் மறுமையில் மூமின்களுக்கு (நம்பிக்கையாளர்களுக்கு) மட்டும். குர்ஆனில் 33:43 (33-ஆம் அத்தியாயம், 43-ஆம் வசனம்) அப்படித்தான் போகிறது. ஆனால் 2:143-இன் கடைசி வரியில் "அந்நாஸ்", அதாவது மனிதர்கள் மீது அவன் ரஊஃப் (பரிவுடையவன்), ரஹீம் என்று வருகிறது. ஆக, இந்த இரண்டு பெயர்களை மட்டும் வைத்துக்கொண்டு கோடு கிழிக்க முடியாது.

7:156-க்கு நேர்வது இன்னும் மோசம். "என் ரஹ்மத் எல்லாப் பொருளையும் சூழ்ந்திருக்கிறது" என்பதோடு ஒருவர் நிறுத்திக்கொள்வார். "தக்வா (இறையச்சம்) உள்ளவர்களுக்கும், ஜகாத் கொடுப்பவர்களுக்கும், நம் வசனங்களை நம்புபவர்களுக்கும் அதை எழுதுவேன்" என்ற பின்பாதியை மட்டும் இன்னொருவர் பிடித்துக்கொள்வார். சூழ்ந்திருப்பது வேறு, எழுதித் தருவது வேறு. பத்திரம் கையில் இருப்பவனுக்கு உறுதி உண்டு. அதற்காக, பத்திரம் இல்லாதவனுக்குக் கொடையே கிடைக்காது என்று அந்த வசனம் சொல்லவில்லை. அவன் விஷயம் தருபவன் கையில்.

புகாரி, முஸ்லிம் என்ற நபிமொழித் தொகுப்புகள் இரண்டிலும் உள்ள நூறு பங்கு ஹதீஸ் இங்கே உதவும். அல்லாஹ் ரஹ்மத்தை நூறாக்கி, ஒன்றை மட்டும் பூமிக்கு இறக்கி, தொண்ணூற்றொன்பதைத் தன்னிடம் வைத்துக்கொண்டான். குட்டி மேல் பட்டுவிடுமோ என்று குதிரை குளம்பைத் தூக்குகிறதே, அதுவும் அந்த ஒரு பங்கில்தான். இதன் ஓர் அறிவிப்பில் பயானில் அதிகம் கேட்காத ஒரு தொடர் உண்டு: அல்லாஹ்விடம் உள்ள ரஹ்மத் முழுவதும் தெரிந்தால் காஃபிர்கூட, அதாவது நம்ப மறுப்பவன்கூடச் சொர்க்கத்தில் நம்பிக்கை இழக்க மாட்டான்; அவனிடம் உள்ள வேதனை முழுவதும் தெரிந்தால் மூமின்கூட நரகத்தை எண்ணி நிம்மதியாக இருக்க மாட்டான். இரண்டு பக்கமும் இழுத்துக் கட்டிய கயிறு. ஒரு முனையை அவிழ்த்தால் மறுமுனையும் தொய்ந்துவிடும்.

மார்ச் 9. பிறை 8

அடிப்படை 17:15. தூதரை அனுப்பாமல் வேதனை செய்வதில்லை. 67:8–9-இல் நரகத்தின் காவலர்கள் கேட்கும் முதல் கேள்வியே "எச்சரிப்பவர் யாரும் உங்களிடம் வரவில்லையா?" என்பதுதான்.

இறையியல் பள்ளிகளில் அஷ்அரீ வழியில், நபியின் செய்தி எட்டாதவனுக்குப் பொறுப்பே இல்லை. இன்னொரு பள்ளியான மாத்துரீதிகளில் சமர்கந்து அறிஞர்கள், மற்ற கட்டளைகள் எட்டாவிட்டாலும் படைத்தவன் ஒருவன் உண்டு என்பதை அறிவைக் கொண்டே அறிய வேண்டும் என்பார்கள். மலையுச்சியில் தனியாக வாழ்ந்து செத்தவன்தான் இரு தரப்புக்கும் உதாரண புருஷன். ஷாஃபி, ஹனஃபி என்ற இரண்டு சட்ட வழிகளுக்கும் (மத்ஹபுகளுக்கும்) அஸர் நேரம் வேறு என்பது இந்தத் தெருவில் சின்னப் பிள்ளைக்கும் தெரியும். இந்த வேறுபாடு மட்டும் பெரியவர்களுக்கே தெரிவதில்லை.

மார்ச் 13. பிறை 12

இன்று இமாம் கஸ்ஸாலி. ஹிஜ்ரி 505-இல், கி.பி. 1111-இல் மறைந்தவர். யாரைக் காஃபிர் என்று சொல்லலாம் என்பதற்கு வரம்பு கட்ட எழுதிய 'ஃபைஸலுத் தஃப்ரிகா'வின் கடைசிப் பகுதியில் இந்தக் கேள்விக்கு வருகிறார். தன் காலத்து ரோமக் கிறிஸ்தவர்களையும் துருக்கியரையும் நினைத்து மூன்று வகை பிரிக்கிறார்.

நபி (ஸல்) அவர்களின் பெயரே காதில் விழாதவர்கள் முதல் வகை. அவர்களுக்கு மன்னிப்பு உண்டு. பெயரும் குணமும் முஃஜிஸாத்தும் (அற்புதங்களும்) தெளிவாகத் தெரிந்த பிறகும் மறுத்தவர்கள் இரண்டாம் வகை. அவர்கள் குற்றவாளிகள். பெயர் எட்டியது, ஆனால் குணம் எட்டவில்லை என்பவர்கள் மூன்றாம் வகை. சின்ன வயதிலிருந்தே "இன்ன பெயரில் ஒரு பொய்யன் நபி என்று கிளம்பினான்" என்று மட்டுமே கேட்டு வளர்ந்தவர்கள். இவர்களையும் முதல் வகையோடு சேர்க்கிறார். காரணம் எளிது: திரிந்த செய்தி விசாரிக்கத் தூண்டாது, விலகிப் போகத்தான் தூண்டும். இன்னொருவரும் உண்டு. கேள்விப்பட்டு, அசட்டையில்லாமல் தேடிக்கொண்டே இருந்து, தேடி முடிப்பதற்குள் இறந்தவர். அவரும் மன்னிக்கப்பட்டவர்.

இதைப் படித்ததும் "அப்போ நம்ம அக்கா மூணாவது" என்று சீட்டை மடித்துவிடத் தோன்றும். அவசரம் வேண்டாம். இரண்டாம் வகைக்கு அவர் காட்டும் உதாரணம், முஸ்லிம் நாடுகளின் பக்கத்தில் இருந்து முஸ்லிம்களோடு கலந்து பழகியவர்கள். லிங்கி செட்டித் தெருவில் முப்பது வருஷம் எதிரெதிர் கடை வைத்திருப்பவர்கள் பார்வைக்கு அதில்தான் வருவார்கள். ஆனால் அவர் அளப்பது தூரத்தை அல்ல, போய்ச் சேர்ந்த சரக்கை. எதிர்க்கடைக்காரருக்கு நம்மிடமிருந்து போனது என்ன? ஒலிபெருக்கியில் பாங்கு, நோன்புக் கஞ்சி, பக்ரீத் அன்று ஒரு தட்டு பிரியாணி. கூடவே செல்பேசியில் அவர் பார்க்கும் ஆயிரம் வீடியோ. சில வேளை நாம் கொடுக்கத் தவறிய பாக்கியும். இதில் குணம் எவ்வளவு போனது, திரிபு எவ்வளவு போனது என்று நிறுக்க நம்மிடம் தராசு இல்லை. ஆகவே வகை மூன்றும் சட்டம்; எந்த ஆள் எந்த வகை என்பது தீர்ப்பு. சட்டம் படித்தவனெல்லாம் நீதிபதி ஆகிவிட முடியாது.

முஸ்லிம் ஹதீஸ் தொகுப்பில் உள்ள "யூதரோ கிறிஸ்தவரோ என்னைப் பற்றிக் கேட்டு, பிறகு நம்பாமல் இறந்தால்" என்ற அறிவிப்பையும் இதோடு வைத்தே படிக்க வேண்டும். "கேட்டு" என்ற சொல் அங்கே சும்மா நிற்கவில்லை.

மார்ச் 16. பிறை 15

யூதர், கிறிஸ்தவர் போன்றோரில் இறைவனையும் மறுமையையும் நம்பி நற்செயல் செய்தவர்களுக்குக் கூலி உண்டு என்னும் 2:62-ஐயும், இஸ்லாம் அல்லாத மார்க்கம் ஏற்கப்படாது என்னும் 3:85-ஐயும் மோதவிடும் சீட்டு. பெரும்பாலான முஃபஸ்ஸிர்கள் (குர்ஆன் விரிவுரையாளர்கள்) முதலாவதை, அந்தந்த நபியின் காலத்தில் அவரைப் பின்பற்றியவர்கள் பற்றியது என்கிறார்கள். "எல்லா மதமும் ஒன்றே" என்பதற்கு 2:62-ஐ மட்டும் மேடையில் ஓதுவது அரை வேலை. 4:48-ஐ, ஷிர்க்கை (இணைவைப்பை) மன்னிப்பதில்லை என்பதை, மறைத்துவிட்டுச் சொல்லும் ரஹ்மத் நாகரிகப் பேச்சே தவிர மார்க்கம் அல்ல.

மார்ச் 20. பிறை 19

ராயபுரத்திலிருந்து ஒரு சீட்டு. இஸ்லாத்துக்கு வந்த மகன், வராத தாய், நேற்று மரணம். இந்த இடத்தில் ஏட்டறிவு பத்தாது. எதை எந்த வரிசையில் செய்வது என்று சொல்ல வேண்டும்.

முதலில், போக வேண்டும். போகாமல் இருப்பதுதான் இதில் அதிகம் நடக்கும் தப்பு. நபி (ஸல்) அவர்களின் தந்தையின் சகோதரர், இஸ்லாத்துக்கு வராத அபூதாலிப் இறந்தபோது, "போய் உம் தந்தையை அடக்கம் செய்யும்" என்றே அலீ (ரலி) அவர்களுக்குச் சொல்லப்பட்டது. ஷாஃபி மத்ஹபில் முஸ்லிம் அல்லாத உறவினரின் உடலைக் குளிப்பாட்டலாம், கூடவே போகலாம். ஜனாஸா (இறந்தவருக்கான) தொழுகை இல்லை. இறந்த பின் மஃபிரத் (மன்னிப்பு) கேட்டு துஆ (பிரார்த்தனை) இல்லை; 9:113 அதைத் தடுக்கிறது. உயிரோடு இருக்கும்போது ஹிதாயத்துக்கும் (நேர்வழிக்கும்) உடல்நலத்துக்கும் எவ்வளவு வேண்டுமானாலும் கேட்கலாம். சாமியானா, நாற்காலி, ஐஸ் பெட்டி, வண்டி, வந்தவர்களுக்குத் தண்ணீர் என எல்லாச் செலவும் வேலையும் மகன் தலையில் எடுத்துக்கொள்ளலாம். வாய்க்கரிசி, கொள்ளி என்று சடங்கு வரும்போது தம்பியோ சித்தப்பாவோ முன்னே நிற்க ஏற்பாடு வேண்டும். அதை முதல் நாளே தனியாகப் பேசி முடித்துவிட வேண்டும். மூலக்கொத்தளம் சுடுகாட்டு வாசலில் வைத்துப் பேசினால் சண்டை.

இனி நாம் அந்த மகனிடம் சொல்ல வேண்டியது. நவவீ இமாம் மின்ஹாஜ் என்ற ஷாஃபி சட்ட நூலில் அளந்து கொடுத்திருக்கிறார். முஸ்லிமுக்கு முஸ்லிம் இறந்தால் மூன்று துண்டு: கூலி பெரிதாகட்டும், ஆறுதல் அழகாகட்டும், உங்கள் மையித்துக்கு (இறந்தவருக்கு) மன்னிப்புக் கிடைக்கட்டும். இறந்தவர் முஸ்லிம் இல்லையென்றால் இரண்டு: கூலி பெரிதாகட்டும், பொறுமை தரட்டும். மூன்றாவது துண்டு மட்டும் எடுக்கப்பட்டிருக்கிறது. அந்த இடத்தில் சாபமும் வைக்கவில்லை, தீர்ப்பும் வைக்கவில்லை. துக்க வீடே முஸ்லிம் அல்லாதவர்களுடையது என்றால் "அல்லாஹ் உங்களுக்கு ஈடு தரட்டும்" என்று அவருடைய அத்கார் நூலில் இருக்கிறது. வாட்ஸ்அப்பில் "ஆழ்ந்த இரங்கல்" போடுவதில் ஒரு சிக்கலும் இல்லை. "ஆன்மா சாந்தியடையட்டும்" என்பது இறந்தவருக்கான பிரார்த்தனை ஆகிவிடுவதால் அங்கேதான் இடிக்கும்.

பறையும் பூவுமாக ஊர்வலம் போகும்போது கடை வாசலில் எழுந்து நிற்கலாமா என்று அதே சீட்டின் பின்பக்கம். இராக்கின் காதிஸிய்யாவில் ஒரு ஜனாஸா (இறந்தவர் உடல்) கடந்து போனபோது நபித்தோழர்கள் ஸஹ்ல் பின் ஹுனைஃபும் கைஸ் பின் ஸஅதும் எழுந்தார்கள். "அது இந்த ஊர்க்காரர், முஸ்லிம் இல்லை" என்றார்கள் பக்கத்தில் இருந்தவர்கள். யூதர் ஒருவரின் ஜனாஸாவுக்கு நபி (ஸல்) எழுந்ததையும், "அதுவும் ஓர் உயிர் இல்லையா?" என்று கேட்டதையும் அவர்கள் பதிலாகச் சொன்னார்கள். புகாரி, முஸ்லிம் இரண்டிலும் உள்ளது.

மார்ச் 23. பிறை 22

நரகம் முடிவில்லாததா? பெரும்பான்மையின் பதில்: ஆம், குஃப்ரில் (இறைமறுப்பில்) இறந்தவர்களுக்கு. 11:107-லும் 6:128-லும் "இறைவன் நாடியதைத் தவிர" என்ற விதிவிலக்கு இருப்பதால் பேச்சு அடங்கவே இல்லை. இப்னுல் கய்யிம் (மறைவு 1350) நரகம் ஒரு நாள் அணையும் என்ற கருத்துக்கான ஆதாரங்களை விரிவாக அடுக்கினார். தகியுத்தீன் சுப்கீ (மறைவு 1355) அந்தக் கருத்தை மறுத்துத் தனிநூலே எழுதினார். சிறுபான்மைக் கருத்து என்று பெயர் சொல்லியே இதை எடுத்துச் சொல்ல வேண்டும். மேடையில் ஏகமனதான முடிவு போல அவிழ்த்துவிடுபவர்கள் சுப்கீயைப் படிப்பது நல்லது.

மார்ச் 25. பிறை 24

முஸ்லிம் அல்லாதவர்களின் குழந்தைகள் சிறுவயதில் இறந்தால்? நவவீயிடம் சரியான கருத்து சொர்க்கம்தான். புகாரியில் ஸமுரா (ரலி) அறிவிக்கும் கனவில், ஃபித்ராவில் (பிறந்த இயல்பில்) இறந்த பிள்ளைகள் இப்ராஹீம் (அலை) அவர்களைச் சுற்றி இருக்கிறார்கள். இணைவைப்பவர்களின் பிள்ளைகளுமா என்று கேட்டதற்கு, அவர்களும்தான் என்று பதில்.

மார்ச் 27. பிறை 26, இரவு

இரவுத் தொழுகையில் 5:118. நபி (ஸல்) ஓர் இரவு முழுவதும் விடியும் வரை இந்த ஒரே வசனத்தைத் திரும்பத் திரும்ப ஓதி நின்றதை அபூதர் (ரலி) சொல்கிறார். நஸாயீ, இப்னு மாஜா என்ற நபிமொழித் தொகுப்புகளில் உள்ளது. மறுமையில் ஈஸா (அலை), அதாவது இயேசு, தன்னைக் கடவுளாக்கியவர்களைப் பற்றிப் பேசும் இடம்: "நீ அவர்களை வேதனை செய்தால், அவர்கள் உன் அடியார்கள். நீ அவர்களை மன்னித்தால்..." மன்னிப்புப் பேச்சு வந்ததும் பழகிய நாக்கு கஃபூருர் ரஹீமுக்கு (மன்னிப்பவன், கருணையாளன்) ஓடப் பார்க்கும். ஆயத் (வசனம்) அங்கே முடியவில்லை. அஸீஸுல் ஹகீம்: மிகைத்தவன், ஞானமிக்கவன்.