திண்ணை இல்லாத கதை

பள்ளி மலருக்கு நான் எழுதிக் கொடுத்த முதல் கதையில் ஒரு திண்ணை இருந்தது. திண்ணையில் ஒரு தாத்தா, பக்கத்தில் வெற்றிலைச் செல்லம், வாசலில் வேப்பமரம். 1987 ஏப்ரலில், டில்லி மோதி பாக் சர்க்கார் க்வார்ட்டர்ஸ் மொட்டைமாடியில் உட்கார்ந்து எழுதியது. தமிழ் ஐயா படித்துவிட்டு மூக்குக்கண்ணாடியைக் கழற்றினார்.

“உங்க க்வார்ட்டர்ஸ்ல திண்ணை இருக்காடா?”

“இல்லை ஐயா.”

“பின்னே இது யார் வீட்டுத் திண்ணை?”

வாரப் பத்திரிகைத் திண்ணை என்று சொல்ல வாய் வரவில்லை. மறுநாள் ஜோல்னாப் பையிலிருந்து, காலண்டர் தாளில் அட்டை போட்ட ஒரு புத்தகத்தை எடுத்துத் தந்தார். ஆதவனின் ‘என் பெயர் ராமசேஷன்’. “படி. வீட்டுல கேட்டா நான் குடுத்தேன்னு சொல்லிடாதே.” ஏன் அப்படிச் சொன்னார் என்பது கொஞ்ச தூரம் போனதுமே புரிந்தது.

முத்ரிகா பஸ்ஸில் வைத்துத்தான் படித்தேன். டில்லியின் டி.டி.சி. பஸ்களில் அப்போது பின்வாசலில் ஏறி முன்வாசலில் இறங்க வேண்டும். நான் ஏறிய இடத்திலேயே கம்பியைப் பிடித்து நின்று, இறங்க வேண்டிய ஸ்டாப்பை இரண்டு தரம் கோட்டைவிட்டேன். (முத்ரிகாவில் அதனால் ஒன்றும் மோசமில்லை. ரிங் ரோடைச் சுற்றிக்கொண்டு எப்படியும் புறப்பட்ட இடத்துக்கே வந்துவிடும்.) டில்லியில் வளர்ந்தவர் ஒருவர் தமிழில் நாவல் எழுதுவார் என்பதே அன்றைக்கு எனக்குச் செய்தி. அதைவிட, தான் போடும் வேஷத்தைத் தானே பார்த்துச் சிரித்துக்கொள்ளும் அந்தப் பையனை எனக்கு அடையாளம் தெரிந்தது.

ஐயாவுக்கு ஒரு பழக்கம். புத்தகத்தின் முதல் பக்கத்தில் ஆசிரியர் குறிப்பைப் பென்சிலால் எழுதிவைப்பார். இதில், ‘கே.எஸ். சுந்தரம். கல்லிடைக்குறிச்சி. 1942 –’ என்று இருந்தது. கோட்டுக்குப் பிறகு வெற்றிடம். ஆதவன் என்பது புனைபெயர். தாமிரபரணிக் கரையில் பிறந்தவர்; ஆற்றையும் அக்ரஹாரத்தையும் வைத்தே காலம் முழுக்க எழுதியிருக்கலாம். வளர்ந்தது டில்லி என்பதால் டில்லியையே எழுதினார். முதலில் ரயில்வேயில் உத்தியோகம், பிறகு நேஷனல் புக் டிரஸ்டில் தமிழ்ப் புத்தகங்களைப் பார்த்துக்கொள்ளும் வேலை. ஆபீஸ் நாற்காலிகளுக்கு நடுவே மனிதர்கள் முகத்தை மாற்றி மாற்றி மாட்டிக்கொள்வதை அவ்வளவு கிட்டத்தில் பார்த்தவர் தமிழில் குறைவு. அவருடைய பாத்திரங்கள் சில நேரம் பேசாமல் கட்டுரை வாசிப்பார்கள். பெண்கள் பெரும்பாலும் ஆணின் கண் வழியாகவே வருவார்கள். இன்று படித்தால் அதெல்லாம் உறுத்துகிறது. அன்று உறுத்தவில்லை.

கோடை லீவுக்கு ஜி.டி. எக்ஸ்பிரஸில் மதராஸ் போய்த் திரும்பி, ஸ்கூல் திறந்து சில வாரம்தான் ஆகியிருக்கும். ஒருநாள் ஐயா வகுப்புக்கு வந்து வருகைப் பதிவேட்டைத் திறக்காமல் நின்றார். “அந்தப் புஸ்தகம் வச்சிருக்கியா?” என்றார். பையில்தான் இருந்தது. வாங்கி, முதல் பக்கத்தைத் திருப்பி, அந்தக் கோட்டுக்குப் பக்கத்தில் ‘1987’ என்று எழுதித் திருப்பிக் கொடுத்தார். ஜூலை 19, ஞாயிற்றுக்கிழமை, சிருங்கேரியில் துங்கா நதிச் சுழலில் ஆதவன் போய்விட்டார். வயது 45. அந்த ஆண்டுக்கான சாகித்ய அகாதெமி விருது ‘முதலில் இரவு வரும்’ தொகுப்புக்குக் கிடைத்தது. வாங்க அவர் இல்லை. அதன் பிறகு மண்டி ஹவுஸ் பக்கம் பஸ் திரும்பும்போதெல்லாம் அகாதெமிக் கட்டடத்தை எட்டிப் பார்ப்பேன்.

புத்தகத்தை நான் திருப்பிக் கொடுக்கவில்லை. அவரும் கேட்கவில்லை. அப்பா ரிட்டயராகிக் க்வார்ட்டர்ஸைக் காலி செய்த வாரம், பழைய விகடன் கட்டுகளோடு அதுவும் பழைய பேப்பர் வாங்கும் கபாடிவாலாவின் தராசில் ஏறிவிட்டது. அம்மாவைக் குறை சொல்ல முடியாது. காலண்டர் தாள் அட்டைக்குள் என்ன இருக்கிறது என்று அவளுக்கு எப்படித் தெரியும்? பின்னாளில் புதிய பதிப்பு ஒன்று வாங்கினேன். நல்ல தாள், நல்ல அச்சு. முதல் பக்கம் வெறுமையாக இருக்கிறது.

கதையை அந்த ஆகஸ்டில் திருத்தி எழுதினேன். தாத்தாவைத் திண்ணையிலிருந்து எழுப்பி, தூக்குப் பாத்திரத்தோடு மதர் டெய்ரி பூத் வரிசையில் கொண்டு போய் நிறுத்தினேன். ஊரிலிருந்து வந்தவருக்கு, டோக்கன் போட்டால் பால் கொட்டும் என்பதில் நம்பிக்கை வரவில்லை. ஐயா இரண்டு தரம் படித்தார். ‘டோக்கனை போட்டார்’ என்றிருந்த இடத்தில் மட்டும் சிவப்பு மையால் ஒரு ‘ப்’ சேர்த்து, மலருக்கு அனுப்பிவிட்டார்.