பழைய தண்ணீர் மோட்டரைத் திருத்துவதா, புதிதாக வாங்குவதா: கல்லடியில் எங்கள் வீட்டு அனுபவம்

எங்கள் கிணற்று மோட்டர் ஒரே நாளில் நின்றுபோகவில்லை. முன்பு முக்கால் மணித்தியாலத்தில் நிரம்பி வழியும் ஆயிரம் லீற்றர் தாங்கி, இவ்வருடம் சித்திரை கழிந்த பிறகு ஒரு மணித்தியாலம், ஒன்றரை என்று இழுபட்டு, கடைசியில் இரண்டு மணித்தியாலம் எடுக்கத் தொடங்கியது. அதற்கிடையில் ஓடும் சத்தத்தில் ஒரு கரகரப்பு சேர்ந்துகொண்டது. மோட்டர் வைத்திருந்த சீமெந்துத் திட்டு எந்நேரமும் ஈரமாக இருந்தது. பின்னர் மோட்டரைப் போட்ட சிறிது நேரத்திலேயே மின்கசிவு ஏற்பட்டால் தானாக மின்சாரத்தைத் துண்டிக்கும் ட்ரிப் சுவிச் விழுந்தது. அந்தக் கட்டத்தில்தான் திருத்துவதா, மாற்றுவதா என்ற பேச்சு வீட்டில் எழுந்தது.

மட்டக்களப்பில் பல வீடுகளைப் போல எங்கள் வீடும் மனைவிக்குச் சீதனமாக வந்தது. மோட்டரும் மாமனார் வாங்கிப் பூட்டியதுதான். வார்ப்பிரும்பு உடல், செப்புக் கம்பிக் கொயில், அரைக் குதிரைவலு. "அவர் பார்த்து எடுத்த சாமான் மகன், இப்ப வாறதுகள் இப்பிடி உழைக்குமா?" என்று மாமி கேட்டபோது அதைப் பாசத்தில் சொல்லும் வார்த்தை என்று ஒதுக்கிவிட முடியவில்லை, ஏனென்றால் அவர் சொன்னதில் பாதி தொழில்நுட்ப ரீதியாகவும் சரியானது. உன்னிச்சைக் குளத்து நீர் குழாயில் வருகிறது என்றாலும் அதைச் சமையலுக்கும் குடிக்கவும்தான் வைத்துக்கொள்கிறோம். குளிப்பதும் தோய்ப்பதும் மரங்களுக்கு விடுவதும் கிணற்று நீரில்தான், ஆகவே மோட்டர் இல்லாமல் காலம் தள்ள முடியாது.

முதலில் கேட்ட இரண்டு இடங்களிலும் எதிரெதிரான பதில்கள் கிடைத்தன. கொயில் சுற்றுபவர், சுற்றினால் புதிதுபோல ஓடும் என்றார். ஹாட்வெயார் கடைக்காரர், இவ்வளவு பழைய மோட்டருக்குச் செலவழிப்பது வீண் என்றார். இருவரும் மோட்டரைத் திறந்து பார்க்காமலே சொன்னார்கள் என்பதும், இருவரும் தத்தம் கையிலிருந்த சரக்கையே மருந்தாகச் சொன்னார்கள் என்பதும் எனக்கு உறுத்தியது. ஆகவே எதையும் விற்காத ஒருவரைத் தேடினேன். மனைவியின் ஒன்றுவிட்ட தம்பி ஆலையொன்றில் மின் பராமரிப்பு வேலை செய்பவர். ஒரு ஞாயிற்றுக்கிழமை, மின் காவல் தடையை அளக்கும் மெகர் மீட்டருடன் வந்து, "மச்சான், கழட்டிப் பார்க்காம ஒண்டும் சொல்ல ஏலாது" என்று சொல்லிவிட்டு முற்றத்திலேயே சாக்கை விரித்து உட்கார்ந்தார்.

முன்பக்க ஆணிகளைக் கழற்றிப் பம்பு அறையின் மூடியை எடுத்ததும், எங்கள் கேள்விக்கான பாதி விடை அங்கேயே கிடந்தது. உள்ளே இருந்த பித்தளைச் சக்கரத்தின் விளிம்பில் சீப்புப் பற்களைப் போல வரிசையாக இருக்க வேண்டிய சிறு இதழ்கள் பல இடங்களில் தேய்ந்து மழுங்கியிருந்தன. சக்கரம் சுழலும் வார்ப்பிரும்பு முகத்தில் வட்டவட்டமாகக் கீறல்கள் விழுந்து, நகத்தை வைத்து இழுத்தால் நகம் தடக்கியது. அடியில் ஒரு தேக்கரண்டி அளவு மணல் இருந்தது. அச்சைச் சுற்றித் தண்ணீர் கசியாமல் தடுக்கும் சீலின் கரி வளையம் ஒரு பக்கம் உடைந்திருந்தது. அந்த வழியால் கசிந்த நீர் முன் பெயாரிங்குக்குள் போய், அது துருவேறிக் கரகரக்க, மேலும் உள்ளே தெறித்த ஈரம் கொயிலின் ஒரு பக்கத்தில் மின்சாரம் கசியாமல் தடுக்கும் காவலியைக் கெடுத்திருந்தது. கொயிலுக்கும் உடலுக்கும் இடையிலான காவல் தடை குறைந்தது ஒரு மெகாஓம் இருக்க வேண்டும் என்றார் அவர். மீட்டர் முள் ஏறக்குறைய பூச்சியத்திலேயே படுத்திருந்தது. ட்ரிப் சுவிச் விழுந்தது அதனால்தான். அது விழாமல் இருந்திருந்தால் ஈரத்தரையில் நின்று மோட்டரைத் தொட்டவர்களை மின்சாரம் தாக்கியிருக்கும். அடிக்கடி விழுகிறதே என்று அந்தச் சுவிச்சைத் தாண்டி நேராக இணைப்புக் கொடுக்கும் வழக்கம் நம்மூரில் உண்டு. தயவுசெய்து அதைச் செய்யாதீர்கள்.

ஆக, கொயில் கெட்டது கடைசி விளைவு. முதற் காரணம் மணல். கல்லடி, காத்தான்குடி, ஆரையம்பதி என்று கடலுக்கும் வாவிக்கும் இடைப்பட்ட இந்த நிலம் முழுக்க மணற்பாங்கானது, கிணறுகள் ஆழமற்றவை, மாரியில் நீர் கைக்கெட்டும் தூரத்தில் நிற்கும், கோடையில் கிணற்று வளையங்களின் அடிக்கு இறங்கிவிடும். எங்கள் கிணற்றில் உறிஞ்சு குழாயின் அடிமுனையிலுள்ள ஃபுட் வால்வு கிணற்றின் அடித்தரையிலிருந்து ஒரு சாண் உயரத்தில்தான் தொங்கிக்கொண்டிருந்தது. நீர் இறங்கிய மாதங்களில் அது தண்ணீரோடு மணலையும் உறிஞ்சியிருக்கிறது. இந்த நிலையில் புதிய மோட்டரைக் கொண்டுவந்து வைத்தாலும் பழைய மோட்டருக்குப் புதிய கொயில் சுற்றினாலும் முடிவு ஒன்றாகத்தான் இருந்திருக்கும்.

அதன் பிறகு கணக்குப் பார்த்தோம். திருத்துவதென்றால் கொயில், இரண்டு பெயாரிங், சீல், சக்கரம் என நான்கும் மாற்ற வேண்டும். மோட்டர் சுழலத் தொடங்க உதவும் கப்பாசிட்டரும் மேலே வெடித்து வெள்ளை பூத்திருந்தது. இவை எல்லாவற்றுக்குமான செலவு புதிய பம்பின் விலையில் பாதியைத் தாண்டியது. பாதிக்குக் கீழே என்றால் திருத்து, மேலே என்றால் மாற்று என்று பலரும் சொல்லும் கணக்கை நான் அப்படியே ஏற்பவன் அல்லன். கொயிலும் பெயாரிங்கும் மட்டும் போயிருந்தால், பாதிக்கு மேலே செலவானாலும் அந்த வார்ப்பிரும்பு உடலை வைத்திருப்பேன், ஏனென்றால் இப்போது மலிவாக வரும் மோட்டர்கள் பலவற்றில் செப்புப் பூசிய அலுமினியக் கம்பிதான் இருக்கிறது. எங்களுக்கு முடிவைத் தந்தது பம்பு அறையில் விழுந்திருந்த கீறல். அந்த வகைப் பம்பில் சக்கரத்துக்கும் அறைச் சுவருக்கும் இடையே மில்லிமீற்றரில் சிறு பங்கு இடைவெளிதான் இருக்க வேண்டும்; அந்த நெருக்கத்தால்தான் அது தண்ணீரைத் தள்ளுகிறது. சுவரே தேய்ந்த பிறகு புதிய சக்கரம் போட்டாலும் தண்ணீர் உள்ளேயே சுற்றிக்கொண்டிருக்கும், பழைய வேகம் வராது.

வேகம் குறைந்ததன் விலையை மின்பட்டியலிலும் பார்த்தோம். மோட்டர் ஏறத்தாழ 600 வாட் இழுப்பதாகக் கொண்டால், தினமும் முக்கால் மணித்தியாலம் ஓடும்போது மாதத்துக்கு 13.5 அலகு, இரண்டு மணித்தியாலம் ஓடும்போது 36 அலகு. எங்கள் வீடு வழக்கமாக மாதம் 90 அலகுக்குள் நிற்கும் வீடு. கூடுதலாகச் சேர்ந்த இருபத்துச் சொச்சம் அலகும் அடுத்த கட்டணப் படிக்குப் போய், அலகு விலையோடு நிலைக்கட்டணத்தையும் உயர்த்தியது. பட்டியல் ஏன் கூடியது என்று குளிர்சாதனப் பெட்டியைச் சந்தேகித்துக்கொண்டிருந்தோம்.

மாற்றுவது என்று முடிவானதும் அடுத்த வாக்குவாதம் கடையில் நடந்தது. கடைக்காரர் ஒரு குதிரைவலு மோட்டரை எடுக்கச் சொன்னார், தாங்கி சட்டென்று நிரம்புமாம். நான் அரையிலேயே நின்றேன். மணலுக்குள் நல்ல நீர் ஒரு மெல்லிய படையாக உப்பு நீரின் மேல் மிதந்துகொண்டிருக்கும் இடம் இது. வேகமாகவும் அதிகமாகவும் இறைத்தால் கீழே இருக்கும் உவர் நீர் மேலே ஏறும். 2004 டிசம்பர் ஆழிப்பேரலைக்குப் பிறகு கிணறுகளைக் கழுவி இறைத்த நாட்களில் அளவுமீறி இறைக்க வேண்டாம் என்று எச்சரித்தார்கள், அதற்கும் காரணம் இதுதான்.

வகையையும் மாற்றினேன். முன்பிருந்தது போன்ற விளிம்பு இதழ்ச் சக்கரப் பம்பு சிறியது, மலிவானது, முப்பது நாற்பது மீற்றர் உயரத்துக்குக்கூடத் தள்ளக்கூடியது. ஆனால் மணல் அதற்கு எமன். எங்கள் தேவை கோடையில் கிணற்றில் மூன்று மீற்றர், தாங்கிக்கு ஐந்து மீற்றர், குழாய் உராய்வுக்குக் கொஞ்சம், மொத்தத்தில் பத்து மீற்றருக்குச் சற்று மேல். ஆகவே உயரம் குறைவாகத் தள்ளினாலும் உள்ளே இடைவெளி விசாலமாக உள்ள சென்ட்ரிஃபியூகல் (மையவிலக்கு) பம்பை எடுத்தேன். விலை சற்றுக் கூட. செப்புக் கம்பிதானா என்று பார்க்க, கடைக்காரரின் அனுமதியோடு இணைப்புப் பெட்டியைத் திறந்து, உள்ளிருந்து வரும் கொயில் கம்பியின் நுனியைத் திருப்புளியால் மெல்லச் சுரண்டினோம். உள்ளே வெள்ளி நிறம் தெரிந்தால் அது அலுமினியம். முதலில் காட்டிய மோட்டரில் வெள்ளி நிறம்தான் தெரிந்தது. அடுத்ததை எடுத்துத் தரும்படி கேட்டோம்.

பூட்டும் வேலையில் நேரத்தை எடுத்தது கிணறுதான், மோட்டர் அன்று. ஃபுட் வால்வைப் புதிதாக்கி, தரையிலிருந்து இரண்டு அடிக்கு மேல் உயர்த்தி, அதைச் சுற்றி நெருக்கமான கண்ணுள்ள துருப்பிடிக்காத உருக்கு வலையைச் சுற்றினோம். வலை அடைபட்டால் பம்பு திணறும் என்பதால் அவ்வப்போது தூக்கிக் கழுவ வேண்டியிருக்கிறது; அது ஒரு தொல்லைதான். இணைப்புகளில் காற்றுப் புகாமல் பசையிட்டு இறுக்கினோம், ஏனென்றால் உறிஞ்சு குழாயில் ஊசித்துளை அளவு காற்று நுழைந்தாலும் மோட்டர் வெறுமையாக ஓடிச் சீலைக் கருக்கிவிடும். மோட்டர் உடலுக்குப் புவித்தொடுப்பு (எர்த்) கம்பி கொடுத்தோம். மாலையில் மின்னழுத்தம் இறங்கும் வீதி எங்களுடையது. ஆகவே தாங்கியைக் காலையிலேயே நிரப்புகிறோம்.

இருபது லீற்றர் வாளி ஒன்றைத் தாங்கிக் குழாயடியில் பிடித்து நேரம் பார்த்தபோது அரை நிமிடத்துக்குள் நிரம்பியது. இந்த எண்ணைச் சுவர் நாட்காட்டியில் குறித்து வைத்திருக்கிறேன். அடுத்த முறை வேகம் குறைந்தால், சத்தமும் ஈரமும் வரும்வரை காத்திராமல், வாளி நிரம்பும் நேரத்திலேயே அது தெரிந்துவிடும்.

பழைய மோட்டரை மாமி விற்க விடவில்லை. கொயில் சுற்றுபவர் அதன் உடலுக்கும் செப்புக்கும் கேட்ட விலை சிறியதுதான். வார்ப்பிரும்பு உடலுக்குப் பொருந்தும் பம்பு அறை ஒன்று பாவித்த சாமான் கடைகளில் கிடைக்குமா என்று மைத்துனர் தேடிக்கொண்டிருக்கிறார். கிடைத்தால் கொயில் சுற்றுவோம். அப்போது பழைய கம்பியை நெருப்பில் எரித்து எடுக்காமல் வெட்டி இழுத்தே எடுக்க வேண்டும் என்பதையும், அதே தடிப்பில் அதே சுற்று எண்ணிக்கையில் சுற்ற வேண்டும் என்பதையும் முதலிலேயே பேசிக்கொள்ள வேண்டும். எரித்தால் இரும்புத் தகடுகளுக்கு இடையிலுள்ள காவலி கெட்டு, மோட்டர் பிறகு எப்போதும் சூடாகவே ஓடும். கிடைக்காவிட்டால் மாரி முடிந்து தை பிறந்ததும் மீண்டும் மாமியிடம் பேசிப் பார்க்க வேண்டும்.