ஜின் சந்தும் பீர் தெருவும்

மார்ச் 4
பதினெட்டாம் நூற்றாண்டு ஆங்கில ஓவியர் ஹோகார்த் செப்புத் தகட்டில் செதுக்கி அச்சிட்ட படங்கள் இன்று காலை வந்து சேர்ந்தன. லண்டனில் எங்கள் நூலகத்து மாடிக் கூடத்தில் அடுத்த திங்கட்கிழமை கண்காட்சி. 'ஜின் சந்து', 'பீர் தெரு', 'கொடுமையின் நான்கு கட்டங்கள்' எல்லாமே 1751-ல் வந்தவை. மேலே சுற்றியிருந்த மெல்லிய தாளை விலக்கியதும் முதலில் கண்ணில் பட்டது படம் இல்லை, ஓரத்தில் அந்தத் தகடு அழுந்திய தடம்தான். பக்கவாட்டில் வெளிச்சம் காட்டினால் அது நன்றாக எழுந்து தெரிகிறது.

மார்ச் 6
சுவர் போதவில்லை, 'ஜின் சந்து' படத்தை உள்ளேயும் 'பீர் தெரு' படத்தை வாசல் பக்கமும் மாட்டிவிடலாம் என்றார்கள். ஜின் என்ற கடும் மதுவின் கேட்டையும் பீரின் நலத்தையும் எதிரெதிராகக் காட்டும் ஜோடி அவை. நான் ஒத்துக்கொள்ளவே இல்லை. ஜின் சந்தில் குடித்துக் கிடக்கும் தாயின் பிடியிலிருந்து குழந்தை தலைகீழாக விழுகிறது, எல்லோரும் பார்ப்பது அதைத்தான். ஆனால் இடது பக்கம் அடகுக் கடை வாசலைப் பாருங்கள்: ஒரு தச்சன் தன் ரம்பத்தையும் கோட்டையும் நீட்டுகிறான், பக்கத்தில் ஒரு பெண் சட்டிபானையோடு நிற்கிறாள். ரம்பம் போனால் நாளைக்கு அவன் எதை வைத்துப் பிழைப்பான்? வீடுகள் இடிந்து விழுகிற அந்தத் தெருவில் அடகுக்காரனுக்கு மட்டும் குறையே இல்லை. அப்படியே பீர் தெருவுக்கு வந்தால் அங்கே பாழடைந்து நிற்பது அடகுக் கடை ஒன்றுதான், கடன் கொடுத்தவர்களுக்குப் பயந்து கடைக்காரன் கதவைக்கூடத் திறக்காமல் அதிலுள்ள ஓட்டை வழியாகத் தன் பீரை வாங்கிக்கொள்கிறான். பிரித்து மாட்டினால் இது யார் கண்ணில் படும்? கடைசியில் அறிமுகப் பலகையைக் கழற்றி இடம் பிடித்தோம்.

மார்ச் 8
வெளிச்சம் 50 லக்ஸுக்கு (வெளிச்சத்தை அளக்கும் அலகு) மேல் போகக் கூடாது, பழைய தாள் தாங்காது. அந்த மங்கலில் இத்தனை நுணுக்கமும் தெரியாதே என்று நாலு பூதக்கண்ணாடி வாங்கிக் கயிற்றில் தொங்கவிட்டேன்.

கொடுமை வரிசையை எடுத்துவிடலாமா என்று ஒரு பேச்சு. நாயை வதைக்கும் பையன், வளர்ந்து குதிரையை அடித்து, பிறகு ஒரு பெண்ணைக் கொன்று, தூக்கிலிடப்பட்டு, மருத்துவர்கள் மேசையில் அறுபடுகிறான், பார்க்கக் கஷ்டம்தான். ஆனால் மிருகவதை நிற்க வேண்டும் என்று நினைத்துத்தான் ஹோகார்த் இதைச் செய்தார், ஏழைகள் கைக்கும் போகட்டும் என்று கடைசி இரண்டை மரக்கட்டையில் செதுக்கவைத்து மலிவாகக் கொண்டுவரவும் பார்த்தார். தூண் மறைவில், முன்னெச்சரிக்கைப் பலகையோடு மாட்டியிருக்கிறோம். சரி, அது நியாயம்.

மார்ச் 11
திறந்தாகிவிட்டது. மதியம் ஒரு சிறுமி பூதக்கண்ணாடியோடு பீர் தெருவில் அந்தக் கதவு ஓட்டையைத் தானே கண்டுபிடித்தாள். அப்புறம் அம்மாவின் கையை இழுத்துக்கொண்டு ஜின் சந்துக்கும் இதற்குமாக நாலு தடவை நடந்தாள்.