டேங்க் என்றால் எந்த டேங்க்?

‘கோயில் தொட்டியில் தெப்பத் திருவிழா’ என்று எங்காவது படித்தால், அது ஆங்கிலத்திலிருந்து வந்த செய்தி என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்லிவிடலாம். அகராதியில் டேங்க் என்றால் தொட்டி. ஆனால் நம் ஊர் நிலம், நீர் பற்றிய ஆங்கில ஆவணங்களில் அது தொட்டியாக இருப்பது அபூர்வம்.

இந்தச் சொல் ஆங்கிலத்துக்குப் போனதே இந்தியப் பக்கம் இருந்துதான் என்று ஒரு கட்சி. குஜராத்தி, மராத்தி மொழிகளில் நீர்த்தேக்கத்தைக் குறிக்கும் சொல் ஒன்று இதே ஒலியில் இருக்கிறது. போர்த்துகீசியத்திலிருந்து போனது என்பது எதிர்க்கட்சி. இரண்டும் கலந்திருக்கலாம். பழவந்தாங்கல், அய்யப்பன்தாங்கலில் இருக்கும், சிறு ஏரியைக் குறிக்கும் ‘தாங்கல்’ என்ற சொல்லோடு முடிச்சுப் போட ஆசை வரும். ஒலி ஒற்றுமையைத் தவிர அதற்கு ஆதாரம் கிடையாது.

வெட்டிய குளம், கரை கட்டிய ஏரி எல்லாவற்றையும் வெள்ளைக்காரர்கள் ஒரே சொல்லில் அடைத்துவிட்டார்கள். திரும்பத் தமிழுக்குக் கொண்டுவரும்போது முதலில் பார்க்க வேண்டியது மாவட்டம். செங்கல்பட்டு, காஞ்சிபுரம், வேலூர் பக்கம் பாசன டேங்க் என்றால் ஏரி. மதுரை, சிவகங்கை, ராமநாதபுரம், விருதுநகரில் கண்மாய். திருநெல்வேலி, கன்னியாகுமரியில் குளம். ஊருணி என்பது குடிநீருக்கு. கோயிலை ஒட்டி நான்கு பக்கமும் படிக்கட்டு இருந்தால் தெப்பக்குளம். ராமநாதபுரம் மாவட்டத்து ராஜசிங்கமங்கலத்தில் இருப்பதை ‘ஏரி’ என்று எழுதினால் உள்ளூர்க்காரர் சிரிப்பார். ‘நாரை பறக்காத நாற்பத்தெட்டு மடைக் கண்மாய்’ என்று பழமொழியே இருக்கிறது.

ஈழத்தில் பாசனத்துக்கும் குளம்தான். மன்னாரில் இருக்கும் ‘ஜயன்ட்ஸ் டேங்க்’ நமக்குக் கட்டுக்கரைக் குளம். ‘ராட்சதத் தொட்டி’ அல்ல.

அடுத்தது உறுப்புகள். தவறு அதிகம் நடப்பது இங்கேதான். சமவெளி ஏரி நான்கு பக்கமும் அடைத்ததல்ல. சரிவின் கீழ்ப்பக்கம் வில்போல் வளைந்த ஒரு கரை, மேல்பக்கம் தண்ணீர் வந்து சேரத் திறந்த வெளி. ஆங்கிலத்தில் பண்ட் என்பது அந்தக் கரை. ‘டேங்க் பெட்’ என்றால் நீர் பரவும் உள்வாய். அதைத் ‘தொட்டிப் படுக்கை’ என்று எழுதுவது கொடுமை. ‘ஸ்லூஸ்’ என்பது வயலுக்குத் தண்ணீர் விடும் மதகு, தெற்கே மடை. ‘சர்ப்ளஸ் வியர்’ என்பது ஏரி நிரம்பியபின் மிச்சத்தை வெளியே தள்ளும் கலங்கல் அல்லது கலிங்கு. பழைய பொதுப்பணித்துறை அறிக்கைகளில் ‘கலிங்குலா’ என்று ஒரு விநோதச் சொல் வரும். இத்தாலியச் சொல் என்று நினைத்துவிடாதீர்கள், நம் கலிங்கல்தான் அது.

மதகையும் கலங்கலையும் மாற்றி எழுதினால் செய்தியே தலைகீழாகும். மதகு திறந்தால் விவசாயிக்கு நல்ல செய்தி, கலங்கல் வழிந்தால் கீழே இருக்கும் ஊருக்கு எச்சரிக்கை. கலங்கல் வழிவதை வடக்கே ‘கோடி போகுது’ என்பார்கள், தெற்கே ‘மறுகால் பாயுது’ என்பார்கள். ஒரு சிக்கல்: செம்பரம்பாக்கம் போல உபரி நீரையே ஷட்டர் வைத்துத் திறக்கும் ஏரிகளில் அந்த வாய்களையும் மதகு என்றுதான் சொல்கிறோம். அங்கே பெயரை நம்பாமல், தண்ணீர் வாய்க்காலுக்குப் போகிறதா ஆற்றுக்குப் போகிறதா என்று பார்த்துக்கொள்ள வேண்டும்.

அளவிலும் இடறலாம். ஆங்கிலத்தில் எம்.சி.எஃப்.டி என்றால் மில்லியன் கன அடி. ஒரு மில்லியன் கன அடி ஏறத்தாழ 2.83 கோடி லிட்டர். செம்பரம்பாக்கத்தின் முழுக் கொள்ளளவு 3,645 மில்லியன் கன அடி. மாடியில் வைக்கும் 1,000 லிட்டர் டேங்கால் அளந்தால் பத்துக் கோடி டேங்குக்கு மேல் வரும். இரண்டுக்கும் ஆங்கிலத்தில் ஒரே பெயர்!

தவறினால் காசு போகும் இடம் நிலப் பத்திரம். பழைய ஆங்கிலப் பத்திரத்தின் நான்கெல்லையில் ‘வடக்கே டேங்க்’ என்று இருப்பதை ‘வடக்கே தண்ணீர்த் தொட்டி’ என்று மொழிபெயர்த்துக் கொடுத்தால், வாங்குகிறவர் பக்கத்து வீட்டுத் தொட்டி என்று நினைத்துக்கொள்வார். அது ஏரிப் புறம்போக்காக இருக்கலாம். எனவே அந்தப் பக்கத்துச் சர்வே எண்ணை எடுத்து, கிராம ‘அ’ பதிவேட்டில் வகைப்பாடு பாருங்கள். பிறகு புலப்படத்தில் (அந்தச் சர்வே எண்ணின் அளவு வரைபடம்) எல்லைக்கோடு எங்கே போகிறது என்று பாருங்கள். பதிவேட்டில் ஏரி, குளம், கண்மாய், ஊருணி என்று எது எழுதியிருக்கிறதோ அதே சொல்லை மொழிபெயர்ப்பிலும் போடுங்கள். நிலம் இன்று காய்ந்து கிடப்பதால் வகைப்பாடு மாறிவிடாது.

போர் டேங்க் பிற்காலத்து வரவு. 1915இல் இங்கிலாந்தின் லிங்கன் நகரில் ரகசியமாகச் செய்த கவச வண்டிக்கு, பார்ப்பவர் தண்ணீர்த் தொட்டி என்று நினைக்கட்டும் என்று வைத்த மறைபெயர் ஒட்டிக்கொண்டது. 1916 செப்டம்பர் 15 அன்று சோம் போர்க்களத்தில் முதன்முதலாக இறங்கியது. தமிழில் டாங்கி என்பதே போதும். வெறும் ‘பீரங்கி’ என்று எழுதினால் குண்டு துப்பும் குழாயை மட்டும் குறிக்கும். இலங்கைப் போர்ச் செய்திகளில் கவனம் தேவை: ‘இரணைமடு டேங்க்’ என்பது குளம், அதே பத்தியில் வரும் அடுத்த டேங்க் சுடும். ஆவடியிலும் இதே கதைதான். டாங்கித் தொழிற்சாலையும் அங்கே, பருத்திப்பட்டு ஏரியும் அங்கே.

மற்றவை சில்லறை. ‘டேங்க் டாப்’ என்ற கையில்லா பனியன், அமெரிக்காவில் நீச்சல் குளத்தை டேங்க் என்று சொன்ன காலத்து நீச்சலுடையின் மிச்சம். விளையாட்டில் வேண்டுமென்றே தோற்பதும் டேங்க். ‘டேங்க் எஞ்சின்’ என்றால் தண்ணீருக்குத் தனி வண்டி இழுக்காமல் தன் மேலேயே சுமக்கும் நீராவி எஞ்சின். மேட்டுப்பாளையத்திலிருந்து குன்னூருக்கு மலையேறும் எஞ்சின் இந்த வகை.

வேடிக்கை என்னவென்றால், நாம் பேச்சுத் தமிழில் எடுத்துக்கொண்ட டேங்க்கில் ஏரி கிடையாது. மாடி டேங்க், வண்டி டேங்க், செப்டிக் டேங்க், மீன் டேங்க், அவ்வளவுதான். டேங்கரைக்கூடத் தண்ணி லாரி என்கிறோம்.

சென்னைச் சாலைப் பெயர்கள் மட்டும் விதிவிலக்கு. நுங்கம்பாக்கம் டேங்க் பண்ட் ரோடு என்றால் பொருள்படி ஏரிக்கரைச் சாலை. அந்த ஏரி இருந்த இடத்தில் இன்று வள்ளுவர் கோட்டம் நிற்கிறது. முகவரியில் மட்டும் மொழிபெயர்க்காதீர்கள். ஆட்டோக்காரரிடம் டேங்க் பண்ட் ரோடு என்றால்தான் வண்டி நகரும்.