சிறுபான்மைப் பள்ளியில் தலைமையாசிரியர் நியமனம்: கருத்துரு எங்கே திரும்புகிறது?

நிதியுதவி பெறும் சிறுபான்மைப் பள்ளியில் தலைமையாசிரியர் பணியிடம் காலியானால், பணிமூப்பில் முதலில் இருப்பவரைத்தான் போட வேண்டும் என்று கல்வி அலுவலகங்களில் இன்னும் சொல்வதுண்டு. நியமனத்துக்கு ஒப்புதல் கேட்டு அந்த அலுவலகத்துக்கு நாங்கள் அனுப்பிய கருத்துருவும் 'மூத்த ஆசிரியரின் பதவி உயர்வுத் துறப்புக் கடிதம் இணைக்கப்படவில்லை' என்ற ஒற்றை வரியோடுதான் திரும்பி வந்தது.

சிறுபான்மையினர் தாங்கள் விரும்பும் கல்வி நிறுவனங்களை நிறுவி நிர்வகிக்க உரிமை தரும் அரசியலமைப்பின் 30(1) பிரிவு இருக்கும்போது அந்தக் கடிதம் தேவையில்லை. 1998-இல் கேரளப் பள்ளி ஒன்று தொடர்பான என். அம்மது வழக்கிலும், 2006-இல் மலங்கரா சிரியன் கத்தோலிக்கக் கல்லூரி வழக்கிலும் உச்ச நீதிமன்றம் இதைத் தெளிவாக்கிவிட்டது. தகுதியை அரசு வரையறுக்கலாம். தகுதியுள்ளவர்களில் யார் என்பது நிர்வாகத்தின் முடிவு. அரசு நிதி வாங்குவதால் இந்த உரிமை போய்விடாது.

சட்டம் சரி, ஆனால் பலர் சறுக்குவது பள்ளி நிர்வாகம் நிறைவேற்றும் நியமனத் தீர்மானத்தில். பழைய கோப்பைப் பார்த்து 'பணிமூப்பு அடிப்படையில் பதவி உயர்வு' என்று தட்டச்சு செய்துவிட்டு பணிமூப்பில் இளையவர் பெயரை எழுதினால், உங்கள் காகிதமே உங்களுக்கு எதிர்ச்சாட்சி. 'அரசியலமைப்பு 30(1)-இன்படி, தகுதியுள்ள அனைவரையும் பரிசீலித்து, நிர்வாகம் தெரிவுசெய்கிறது' என்றே இருக்கட்டும். யார் யாரைப் பரிசீலித்தோம், ஏன் இவர் என்று கூட்டக் குறிப்பில் நாலு வரி எழுதுங்கள். உரிமை இருந்தாலும் தேர்வு நியாயமாக நடந்ததா என்று நீதிமன்றம் பார்க்கலாம் என 2017-இல் கோவா வழக்கில் உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. அப்போது அந்த நாலு வரிதான் கைகொடுக்கும்.

கருத்துருவோடு சிறுபான்மைத் தகுதிச் சான்று, அறக்கட்டளை அல்லது சங்க விதிகளின் நகல், கல்விச் சான்றுகள், பணிப்பதிவேட்டு நகல் ஆகியவற்றை வையுங்கள். நியமன அதிகாரம் விதிகளின்படி யாருக்கோ அவர்தான் ஆணையில் கையெழுத்திட வேண்டும். தாளாளருக்கு அதிகாரம் இல்லாதபோது அவர் போட்ட ஆணை நிற்காது. தகுதியில் குறை இருந்தால் 30(1) காப்பாற்றாது.

2020-இல் வந்த மேற்கு வங்க மதரஸா தீர்ப்பை யாராவது நீட்டினால் பதற வேண்டாம். அது மதரஸாக்களுக்கு ஆசிரியர்களை ஆணையமே தெரிவுசெய்ய வகைசெய்யும், அங்குள்ள மதரஸா பணி ஆணையச் சட்டத்தைப் பற்றியது.

'முடியாது' என்று வாய்மொழியாகச் சொன்னால் திரும்பிவிடாதீர்கள். காரணத்தோடும், அலுவலகக் கோப்பைக் குறிக்கும் ந.க. எண்ணோடும் எழுத்தில் வாங்குங்கள். உயர் நீதிமன்றத்தில் ரிட் மனு போட்டு எதிர்த்துக் கேட்க அந்த ஆணை வேண்டும்.

ஒப்புதல் வரும்வரை தலைமையாசிரியர் பொறுப்பு யாருக்கு என்பதையும் அதே தீர்மானத்தில் முடித்துவிடுங்கள். தற்காலிகம்தானே என்று மூத்தவரிடம் கொடுத்துவைத்தால், நாளை அதையே அவர் உரிமைக்கு ஆதாரமாகக் காட்டுவார்.