சாஃபர் என்றொரு பேரச் சொல்

சென்ற ஞாயிறு காலை, புதுச்சேரி பெரிய மார்க்கெட்டின் மீன் பகுதியில், ஒரு கூறு சங்கராவுக்கு 200 ரூபாய் சொன்ன அம்மாவிடம் நான் 120க்குக் கேட்டேன். "கட்டாதும்மா, இன்னும் போணியே ஆகல" என்றபடி அவர் ஒரு மீனின் செவுளை விரலால் தூக்கி உள்ளிருந்த சிவப்பைக் காட்டினார். நான் நான்கு எட்டு நடந்ததும், "சரி வா, 160 குடுத்துட்டு எடுத்துட்டுப் போ" என்று பின்னாலிருந்து குரல் வந்தது.

இப்படி விலை பேசுவதற்கு ஆங்கிலத்தில் 'சாஃபர்' என்றொரு பழஞ்சொல் உண்டு. கார் ஓட்டுபவரைக் குறிக்கும் ஷோஃபர் வேறு, இது வேறு. வணிகத்தைக் குறித்த 'சேயாப்' என்ற பழைய ஆங்கிலச் சொல்லும், போவதையும் பயணத்தையும் குறித்த 'ஃபரு' என்ற சொல்லும் இதன் வேரில் உள்ளன. முதலில் வணிகம் முழுவதையும், விற்கும் சரக்கையும்கூடக் குறித்துவந்த சாஃபர், காலப்போக்கில் விலைக்காக வாதாடுவதை மட்டும் குறிக்கலாயிற்று. தெலுங்கில் 'பேரமு' இன்றும் வியாபாரம், விலைபேச்சு என்ற இரு பொருளையும் தாங்கி நிற்கிறது.

அந்தச் சேயாப்தான் இன்றைய 'சீப்'. லண்டனின் பழைய சந்தைத் தெருவான சீப்சைடின் பெயரிலும் அதுவே இருக்கிறது. மலிவு என்ற பொருள் அதற்குத் தொடக்கத்தில் இல்லை. நல்ல பேரம் என்ற பொருளில் 'குட் சீப்' என்று வழங்கிய தொடரில் முன்சொல் உதிர்ந்து, பின்சொல்லே மலிவைக் குறிக்கத் தொடங்கியது. பிரெஞ்சு படித்த எங்கள் ஊர்ப் பெரியவர்களுக்கு இது உடனே விளங்கும், ஏனெனில் மலிவுக்குப் பிரெஞ்சு சொல்லும் 'போன் மார்ஷே' என்பதும் சொல்லுக்குச் சொல் நல்ல சந்தைதான்.

பேரம் பேசுவதற்கு ஆங்கிலத்தில் இன்று பரவலாக வழங்கும் சொல் 'ஹேகிள்'. அது வெட்டுதல், கொத்துதல் என்ற வேரிலிருந்து வந்து, 1600 வாக்கில் பேரத்துக்கு ஆனது. "அடிச்சுப் பேசி வாங்கு" என்று நாம் சொல்வதும் அந்த வகைதான். எனக்கோ, நடந்து போவதையும் தன் வேரில் வைத்திருக்கும் சாஃபர்தான் மீன் கடைக்குப் பொருத்தமாகப் படுகிறது. விலையை வெட்டியதோடு அன்றைய வியாபாரம் முடியவில்லை. நான் திரும்பி வந்து நீட்டிய 160 ரூபாயை அந்த அம்மா கண்ணில் ஒற்றிக்கொண்டு, கேளாமலேயே இன்னும் இரண்டு மீனைக் கூறின்மேல் போட்டார்.